வாக்கு வாங்கியோர் கொடுத்த வாக்கு

தேர்தற் காலத்திலே வீடு வீடாக வந்து சேர்ந்த துண்டுப்பிரசுரங்கள் இப்போது எங்கே இருக்கின்றன? சில கச்சான் சுற்றப் போயின. சில அடுப்பு மூட்டப் போயின. மிகுதி மாரி மழையில் ஊறி மதிலோடு மதிலாய் ஒட்டிக்கொண்டன. அவற்றைப் பத்திரமாய் எடுத்து வைத்தோர் தொகை மிகச் சிறிது. அச் சிறு தொகை பெருக வேண்டும் என்னும் எண்ணத்துடனேயே இவ்வாரம் இத் தலையங்கத்தை எழுத முற்படுகின்றோம்.

2025ஆம் ஆண்டு மே 6ஆந் திகதி நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலில் நாடெங்கும் 339 சபைகளுக்கு உறுப்பினர் தெரிவு செய்யப்பட்டனர். யாழ்ப்பாண மாவட்டத்தில் மாத்திரம் ஒரு மாநகரசபை, மூன்று நகரசபைகள், 13 பிரதேச சபைகள் என 17 சபைகள் உள. இதற்கு முந்திய தேர்தல் 2018 பெப்ரவரி 10ஆந் திகதி நடந்தது. இரண்டுக்கும் இடையே நிகழ்ந்தவை எம் வாசகர் அறியாதன அல்ல. எனினும் மறதி எம்மவரின் பொதுச் சொத்தாகிவிட்டமையால் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கெனத் தெரிவானோரின் பதவிக்காலம் மேலும் ஓராண்டு நீடிக்கப்பட்டது. 2023 மார்ச் 9ஆந் திகதிக்கெனக் குறிக்கப்பட்ட தேர்தல், திறைசேரியிலிருந்து பணம் வரவில்லை என்ற காரணத்தால் நடவாது போயிற்று. அதே மாதம் 19ஆந் திகதியோடு சபைகளின் ஆயுள் முடிந்தது. அத் தேர்தலை நடத்தாது விட்டமை மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயலென்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, சபை வரவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் செயலாளர்களும் ஆணையாளர்களுமே எம் ஒழுங்கைகளை ஆண்டனர்.

அந்தக் காலத்திலே ஊரில் ஒரு பேச்சு எழுந்தது. குப்பை வண்டி வருகிறது, தெருவிளக்கு எரிகிறது, மெம்பர்மார் இல்லாமலே காரியம் நடக்கிறதே என்று சந்தைக் கூடத்திலும் தேநீர்க் கடையிலும் பேசிக்கொண்டார்கள். படித்தவர்களுள்ளும் சிலர், இதுவே நல்லது, சத்தமும் சண்டையும் இல்லை என்றனர். இக் கூற்றை நாம் இலேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. தெரிவு செய்யப்பட்டவர் இல்லாத குறை தமக்குத் தெரியவில்லை என்று மக்கள் சொல்வார்களானால், அது உத்தியோகத்தருக்குச் சூட்டும் புகழ் என்பதைக் காட்டிலும், முன்பு உறுப்பினராய் இருந்தவர்களின் முகத்தில் பூசும் கரி என்பதே பொருந்தும்.

ஆயினும் 2024 டிசம்பரை எண்ணிப் பாருங்கள். மாரி வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் காவுகொண்டது. சுகாதாரப் பகுதியினர் தம்மாலியன்றதைச் செய்தனர். ஆனால் எந்த வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது, எந்தத் தாழ்ந்த காணியில் வெள்ளம் வடியாது நிற்கிறது, நீர் ஓடும் வழியிலே மதில் கட்ட எவர் அனுமதி கொடுத்தார் என்று சபையில் எழுந்து நின்று கேட்க ஒருவருமில்லை. கணக்குக் கேட்கும் உரிமை பெற்ற வாய் அப்போது அடைபட்டிருந்தது. அந்த உரிமையை நாம் 2025இல் மீளப் பெற்றோம். பெற்றவர்கள் அதை எவ்வாறு பயன்படுத்துகிறார்கள் என்பதே இன்றைய கேள்வி.

இனி வாக்குறுதிகளுக்கு வருவோம். எம் பகுதி வட்டார வேட்பாளர் ஒருவரின் துண்டுப்பிரசுரத்தைக் கையிலெடுத்துப் படிப்போர்க்கு, இவர் பிரதேச சபைக்குப் போகிறாரா, அன்றி ஐக்கிய நாடுகள் சபைக்குப் போகிறாரா என்னும் ஐயம் எழுவது இயல்பு. தேசம், இறைமை, சர்வதேச விசாரணை, இராணுவத்தின் பிடியிலுள்ள காணிகளின் விடுவிப்பு எனப் பக்கம் நிறைந்திருக்கும். இவை எம் நெஞ்சுக்கு நெருங்கியவை. இவற்றுக்காகக் குரலெழுப்புவது தமிழ் மக்களின் பிரதிநிதி எவர்க்கும் கடன். ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் அச் சபைகளிடம் ஒப்படைத்தவை யாவை? பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வழிகள், இவற்றோடு இயைந்த மக்களின் வசதியும் நலனும். நூலகம், சந்தை, மயானம், விளையாட்டிடம், கழிவகற்றல், தெருவிளக்கு, கட்டட அனுமதி ஆகியன இதனுள் அடங்கும். இத் துறைகளில் என்ன செய்யப்போகிறார் என்பதற்குத் துண்டுப்பிரசுரத்தின் அடியிலே ஒரு வரி இருந்தாலும் இருக்கும். இல்லாவிட்டாலும் எவரும் கேளார்.

வீதிகளையே எடுத்துக்கொள்வோம். ஏ, பீ வகுப்புப் பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அடுத்த நிலையிலுள்ளவை மாகாண நிருவாகத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. எஞ்சியுள்ள சிறு வீதிகளும் ஒழுங்கைகளும் மாத்திரமே சபையினுடையவை. எந்த வீதி எவருடையது என்று வாக்காளர்க்குத் தெரியாது, வேட்பாளர்க்கும் பலவேளை தெரியாது, தெரிந்தவரும் சொல்லார். ஊர் நடுவே ஓடும் பெரிய வீதியைக் காட்டி, இதைக் காப்பெற் வீதி ஆக்குவேன் என்று சொல்வது எளிது. வென்றபின், அது எம் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்று சொல்வது அதனினும் எளிது. இரண்டும் ஒரே வாயிலிருந்து ஆறு மாத இடைவெளியிலே வருகின்றன.

இதிலொரு சூட்சுமம் இருக்கிறது. நிறைவேற்ற முடியாததை வாக்களித்தவரைப் பொய்யர் என்று எவரும் பிடித்துவிட முடியாது. கொழும்பைக் கைகாட்டி அவர் தப்பிவிடுவார்; கொழும்பும் நெடுங்காலமாக அதற்கு வாய்ப்பாகவே நடந்து வந்திருக்கிறது. இன்ன ஒழுங்கையில் இன்ன மதகைக் கட்டித் தருவேன் என்று சொன்னவன் மாத்திரமே அகப்பட்டுக்கொள்வான், மதகு இல்லாத இடத்தைச் சிறுபிள்ளையும் காட்டிவிடும் ஆதலின். ஆகவே தந்திரசாலியான வேட்பாளர் மதகைப் பற்றிப் பேசுவதில்லை. வாக்கு மீறப்படுவது பதவிக்கு வந்த பின்னரன்று. அதிகாரமும் பணமும் தவணையும் இன்றி அவ்வாக்கு உச்சரிக்கப்பட்ட கணத்திலேயே அது மீறப்பட்டாயிற்று என்பதே எமது துணிபு.

ஆளுங்கட்சியினரும் இவ் விடயத்திற் சளைத்தவரல்லர். சபையையும் எம்மிடம் தந்தாற் பணம் தங்குதடையின்றி வரும் என்ற பொருள்பட 2025இன் பிரசார மேடைகளில் ஜனாதிபதியே பேசினார். அது பல பக்கத்துக் கண்டனத்துக்கும் உள்ளாயிற்று. இதை வாக்குறுதி என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. வரி கொடுத்தவனுக்கு அவன் பணத்தையே காட்டி வாக்குக் கேட்பது வேறு வகையைச் சேர்ந்தது.

சபையின் கைக்கு முற்றிலும் எட்டிய காரியம் ஒன்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம். எம் வாசகருள் கமக்காரராயுள்ளோர் இதை நாள்தோறும் அனுபவிப்பவர். உத்தியோகத்தராயுள்ளோர் கேள்வியுற்றிருப்பினும் இதன் கனத்தை உணர்ந்திருப்பரோ என்பது ஐயமே.

யாழ்ப்பாணத்தின் மரக்கறிச் சந்தைகளிலே ‘கழிவு’ என்றொரு வழக்கம் நிலவி வந்திருக்கிறது. கமக்காரன் 100 கிலோ கத்தரிக்காயைக் கொண்டுசென்று தராசில் ஏற்றினால், 90 கிலோவுக்கே பணம். மிகுதிப் பத்து வீதம் கழிவு. காம்பு இருக்கிறது, மண் ஒட்டியிருக்கிறது, மாலைக்குள் வாடிவிடும் என்பன சொல்லப்படும் நியாயங்கள். பூசணிக்காயில் என்ன வாடுகிறது என்று கேட்டால் மறுமொழி இல்லை. கிழமைக்கு 200 கிலோ விற்பவன், ஐந்து கிழமையில் 100 கிலோவை இனாமாகக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறான். அவன் எத்தகைய காலங்களைக் கடந்து வந்தவன் என்பதையும் நினைக்க வேண்டும். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. 2022இல் எரிபொருட் பஞ்சம் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. கிணற்று நீரை இறைத்துச் செம்மண்ணிலே பயிர் வளர்ப்பவனுக்கு அதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அத்தனையும் தாங்கி விளைவித்ததில் பத்திலொன்று தராசடியிலே போய்விடுகிறது.

இது நாடாளுமன்றம் தீர்க்க வேண்டிய விடயமா? ஜெனிவாவில் தீர்க்க வேண்டிய விடயமா? சுன்னாகமும் மருதனார்மடமும் வலிகாமம் தெற்குப் பிரதேச சபையின் சந்தைகள். திருநெல்வேலி நல்லூர்ப் பிரதேச சபையின் சந்தை. இடம் சபையினுடையது, கூடம் சபையினுடையது, குத்தகைக்கு விடுவது சபை, குத்தகை நிபந்தனைகளை எழுதுவது சபை, அவற்றை மீறுவோரை வெளியேற்றத்தக்கதும் சபையே. கழிவு பிடிப்போருக்கு இச் சந்தையில் இடமில்லை என்று ஒரு நிபந்தனையை எழுதிக் கையொப்பம் வாங்கவும், சபையின் சொந்தத் தராசொன்றைச் சந்தை வாயிலில் வைத்து ஓர் ஊழியரை அமர்த்தவும் எத்தனை இலட்சம் வேண்டும்? கழிவை ஒழிப்போம் என்ற பேச்சு புதிதன்று. கூட்டங்களிலே பேசப்பட்டிருக்கிறது, மாவட்ட மட்டத்திலே தீர்மானிக்கப்பட்டுமிருக்கிறது. தீர்மானத்துக்கும் தராசுக்கும் இடையே உள்ள தூரம் மாத்திரம் குறையவில்லை. காரணம் மறைவானதன்று. கமக்காரர் பலர், ஆனால் சிதறிக் கிடப்பவர், விடியுமுன் வந்து விற்றுவிட்டுத் தோட்டத்துக்கு ஓடுபவர். வாங்குவோர் சிலர்; நாள் முழுதும் சந்தையில் இருப்பவர்; தேர்தற் செலவுக்குக் கைகொடுக்க வல்லவர். சபை உறுப்பினர் எவர் முகத்தை நாள்தோறும் பார்க்கிறாரோ அவர்க்கே இரங்குகிறார். ஆகவேதான் நாம் கமக்காரர் அமைப்புகளை வேண்டிக்கொள்கிறோம்: உங்கள் பிரதேசத்துச் சபை மாதந்தோறும் கூடும் நாளிலே, தோட்ட வேலையை ஒருநாள் ஒத்திவைத்து, பத்துப் பேராவது சபை வாயிலுக்குப் போய் நில்லுங்கள். அவர்கள் உங்கள் முகத்தையும் பார்க்கட்டும்.

வேறொரு வகைச் சிக்கலும் உண்டு. யாழ். மாநகரின் குப்பை கல்லுண்டாய் வெளியிலே கொட்டப்பட்டு வந்திருக்கிறது. அவ்வெளி நகர எல்லைக்கு அப்பால், அயற் சபையின் எல்லைக்குள் அமைந்தது. தூய நகரம் தருவோம் என்று நகரத்தாருக்கு வாக்களிப்போர், புகையையும் நாற்றத்தையும் எவர் வீட்டு வாயிலுக்கு அனுப்புகின்றனர்? அங்கே குடியிருப்போர்க்கு மாநகரசபையில் வாக்கில்லை. எனவே அவர்களுக்கு விடை சொல்லவும் மாநகரசபையில் ஆளில்லை. இங்கே வாக்கு மீறப்பட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. ஒருவர்க்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றும் செலவை மற்றொருவர் தலையிலே கட்டிவிட்டார்கள். இரு சபைகளும் ஒரு மேசையில் அமர்ந்து பேசித் தீர்க்க வேண்டிய இக் காரியம், பெரும்பாலும் வீதி மறியலிலும் அறிக்கைப் போரிலும் முடிந்திருக்கிறது. இரு தரப்பிலும் இருந்தோர் தமிழர் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கூட்டாட்சி என்னும் சாக்கும் இப்போது புதிதாக வந்து சேர்ந்துள்ளது. 2017இல் திருத்தப்பட்ட தேர்தல் முறையின்படி உறுப்பினருள் நூற்றுக்கு 60 பங்கினர் வட்டாரத்தாலும் 40 பங்கினர் பட்டியலாலும் தெரிவாகின்றனர். இதனால் உறுப்பினர் தொகை ஏறத்தாழ இருமடங்காயிற்று. பல சபைகளில் எக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடையாது போயிற்று. தேர்தல் மேடையிலே துரோகி என்று ஏசியவரோடு தவிசாளர் தெரிவன்று கைகோத்து நிற்பதைக் கண்டு மக்கள் வியப்பதையும் விட்டுவிட்டனர். யாழ். மாநகரசபையில் 2020 டிசம்பரில் வரவு செலவுத் திட்டம் தோற்று முதல்வர் மாறினார். 2022இன் முடிவில் மறுபடியும் அதே கதை நடந்தது. வரவு செலவுத் திட்டத்தை எதிர்த்து வாக்களிப்பது உறுப்பினரின் உரிமை. ஆனால் எந்த வட்டாரத்து எந்த வேலை அதில் விடுபட்டது என்பதற்காக அது எதிர்க்கப்பட்டதா, தலைமைக் கதிரைக்காக எதிர்க்கப்பட்டதா என்று வாக்காளருக்கு விளக்கியவர் எத்தனை பேர்? கூட்டுச் சேர்வது குற்றமன்று. சேரும்போது எந்த வாக்குறுதிகளைக் கைவிட்டோம், எவற்றைக் காத்துக்கொண்டோம் என்று எழுத்திலே வெளியிடாமற் சேர்வதே குற்றம்.

பணமில்லை என்பது மற்றொரு சாக்கு. இதிலே உண்மையும் கலந்திருப்பதை நாம் மறைக்கப் போவதில்லை. கிராமப்புறச் சபைகளின் சொந்த வருமானம் சொற்பம். ஆதனவரி, அனுமதிப்பத்திரக் கட்டணம், சந்தைக் குத்தகை, மாகாணத்தின் ஊடாக வந்து சேர வேண்டிய முத்திரை வரியும் நீதிமன்றத் தண்டப்பணமும் ஆகிய இவற்றைக் கொண்டே பெரும்பாலான வேலைகள் நடைபெற வேண்டும். அபிவிருத்திக்கான பணமோ பெரும்பாலும் மத்தியிலிருந்தும் மாகாணத்திலிருந்தும் அவர்களின் விருப்பப்படியே வருகிறது. ஆனால் இந் நிலை தேர்தலுக்கு முதல்நாளும் இதுவே அன்றோ? அன்று தெரியாத வறுமை வென்ற மறுநாள் எவ்வாறு தெரிந்தது? ஆதனவரியை ஒழுங்காக அறவிடுவேன், மதிப்பீட்டைத் திருத்துவேன் என்று வாக்களித்து வாக்குக் கேட்ட ஒரு வேட்பாளரையேனும் நாம் கண்டதில்லை. வரியையும் கேளேன், வசதியையும் தருவேன் என்பவரைக் கடையிலே கண்டால் நாம் சந்தேகிப்போம். மேடையிலே கண்டால் மாலை போடுகிறோம்.

இவ்வளவு சிறிய காரியங்களுக்கு ஓர் அரசியல் வாரப் பத்திரிகை இத்தனை பக்கம் செலவிட வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும் என்போம். 2013இல் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. கிழக்கு மாகாண சபையின் காலம் அதற்கும் ஓராண்டு முன்னர் முடிந்தது. அதன் பின் ஆண்டாண்டாக ஆளுநர்களே அவற்றின் அதிகாரத்தைக் கையாண்டு வந்துள்ளனர். ஆகவே 2025இல் தமிழ் மக்கள் தாமே தெரிந்தெடுத்து, தாமே நடத்தும் நிருவாகம் என்று காட்டத்தக்கதாக இருந்தவை இப் பிரதேச சபைகளும் நகரசபைகளுமே. எம்மை நாமே ஆள விடுங்கள் என்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகின்ற ஓர் இனம், தன் கையிலுள்ள சந்தையையும் வாய்க்காலையும் எவ்வாறு ஆளுகிறது என்பதை உலகம் பார்க்கிறதோ இல்லையோ, எம் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பெரிய உரிமையின் பெயரைச் சொல்லிச் சிறிய கடமையிலிருந்து தப்புவோர், அப் பெரிய உரிமைக்கே குழி பறிக்கின்றனர். தமிழ்த் தேசியம் பேசுவோரின் சபையிலே குப்பை குவிந்து கிடந்தால், அதைக் காட்டி நகைப்போர் குப்பையை மாத்திரமா நகைக்கின்றனர்?

எம்மவர் செய்ய மாட்டாதவர் அல்லர். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் பிறப்பை நினைத்துப் பாருங்கள். 1933இல் கே. எம். செல்லப்பா என்னும் தனிமனிதர் தம் வீட்டிலே தொடங்கிய சிறு முயற்சி, 1930களின் நடுவிலேயே உள்ளூராட்சிச் சபையின் பொறுப்புக்கு வந்தது. சாம் சபாபதி மாநகர முதல்வராயிருந்த காலத்தில் பெரிய கட்டடம் ஒன்றுக்கான திட்டம் உருவாயிற்று. 1954இல் அத்திவாரக் கல் நடப்பட்டது. களியாட்ட விழாக்களும் அதிர்ஷ்டலாபச் சீட்டும் நடத்தி மக்களிடமே பணம் திரட்டினார்கள். 1959 ஒக்டோபரிலே கட்டடம் திறக்கப்பட்டது. இடையில் முதல்வர்கள் மாறினர்; சபையும் மாறிற்று; கட்டடம் எழும்பியது. அதை 1981இல் எரித்தவர்கள் வேறு. அது வேறு வரலாறு. ஆனால் எரிப்பதற்கு அங்கே ஒன்று இருந்தது என்றால், உள்ளூராட்சி உறுப்பினர் சிலர் தம் வாக்கைக் காத்தமையாலும், ஊரார் சிலர் அவர்களை விடாது தொடர்ந்தமையாலுமே இருந்தது. கொழும்பு தரும் என்று காத்திருந்திருந்தால் அக் கல் கல்லாகவே கிடந்திருக்கும்.

இனிச் சுடச்சுட ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. அது உறுப்பினர்களைப் பற்றியதன்று. வாக்குக் கேட்டு வந்தவரிடம் நாம் கேட்டது என்ன? என்ன ஆட்கள், எந்தப் பகுதி, எந்தக் கோயில் என்று சாடையாக விசாரித்தோம். சாதி பார்த்துப் போட்ட வாக்குக்குச் சாதி பார்த்தே கைம்மாறு கிடைக்கும். குளத்து வாய்க்கால் ஒரு குறிச்சியின் எல்லையோடு நின்றுபோவதற்கும், விளக்குக் கம்பம் ஒரு படலையைத் தாண்டாதிருப்பதற்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. படித்தவர் சங்கதி இதனினும் சிறந்ததன்று. மதிலை வீதி எல்லைக்குள் அரையடி தள்ளிக் கட்டிவிட்டு, அதைக் கண்டுகொள்ளாதிருக்க உறுப்பினருக்குத் தொலைபேசி எடுக்கும் கனவான்கள் எங்கள் ஊர்களில் அரியரல்லர். மருமகனுக்கு ஒரு சிற்றூழியர் வேலை, காணிப் பிரிப்புக்கு விரைவாக ஓர் அனுமதி என்று தனிப்பட்ட வரத்தைப் பெற்றுக்கொண்டவர், பொது வாக்குறுதியைப் பற்றிக் கேட்கும்போது குரல் தழைந்துவிடுகிறது. சட்டத்தரணிகளும் கணக்காளர்களும் பொறியியலாளர்களும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்களும் எம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். தம் பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டத்தை ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்தோர் அவர்களுள் எத்தனை பேர்?

சட்டம் எமக்குத் தந்திருப்பவை கொஞ்சம். அக் கொஞ்சமும் துருப்பிடித்துக் கிடக்கிறது. தெரிவான உறுப்பினரை இடையிலே திருப்பி அழைக்கும் உரிமை இந் நாட்டு வாக்காளருக்கு இல்லை. தவிசாளரை நீக்கும் அதிகாரம் மேலிருப்போரிடமே உண்டு. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்படி வேட்பாளர் தேர்தற் செலவுக் கணக்கை முடிவு வெளியான 21 நாட்களுக்குள் சமர்ப்பிக்க வேண்டும். வாக்குறுதிக் கணக்கைச் சமர்ப்பிக்கும்படி சொல்லும் சட்டம் எதுவுமில்லை. ஆனால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சிச் சபைகளையும் கட்டுப்படுத்துகிறது. எந்தக் குடிமகனும் சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலே ஒரு கடிதம் எழுதினாற் போதும்; ஏன் கேட்கிறாய் என்று எவரும் கேட்க முடியாது. தகவலைத் தருவதா மறுப்பதா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதற்கு மேலே ஆணைக்குழு உண்டு. சந்தை எவருக்கு, எத்தொகைக்கு, எந்த நிபந்தனைகளோடு குத்தகைக்கு விடப்பட்டது, கழிவு பற்றி எத்தனை முறைப்பாடுகள் வந்தன, அவற்றின்மீது என்ன செய்யப்பட்டது என்று கேளுங்கள். எமது வட்டார உறுப்பினர் ஓராண்டில் எத்தனை கூட்டங்களுக்குச் சமுகமளித்தார், எவ்வெப் பிரேரணைகளைக் கொண்டுவந்தார் என்று கேளுங்கள். ஒரு முத்திரைக்கும் ஒரு தாளுக்கும் உரிய செலவே இதற்கு ஆகும்.

கணக்காய்வாளர் நாயகத்தின் கண் எல்லாச் சபைகளின் மீதும் உண்டு. அவருடைய அறிக்கைகளை ஓய்வுபெற்ற கணக்காளர்கள் வாசித்து ஊராருக்கு விளக்கலாம். உறுப்பினரல்லாத ஊரவரையும் சபையின் குழுக்களிலே சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. அவ்விடத்தை நிரப்பும்படி சபைகளைக் கேட்கலாம். சபையிலே பதிவு செய்யப்பட்ட சனசமூக நிலையங்கள் எம் ஊர்கள் எங்கும் உள. பத்திரிகை வாசிக்கவும் கரம் விளையாடவும் மாத்திரம் அவை எழுப்பப்படவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, கார்த்திகை மாதத்திலே, வரவு செலவுத் திட்டம் சபைக்கு வருமுன் அதன் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் வேளையில், வட்டார உறுப்பினரை அங்கே அழைத்து ஒரு கூட்டம் வையுங்கள். மாலை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். அவருடைய பழைய துண்டுப்பிரசுரத்தை மேசைமீது விரித்து, வரிக்கு வரி வாசித்து, இது அடுத்த ஆண்டுத் திட்டத்தில் எந்தத் தலைப்பின் கீழ், எவ்வளவு பணத்தோடு இருக்கிறது என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் நன்றி சொல்லுங்கள். இல்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். முடியவில்லை, தெரியாமற் சொல்லிவிட்டேன் என்று ஒருவர் நேர்மையாகச் சொல்வாரானால் அவரை இகழ வேண்டியதில்லை. கூட்டத்துக்கு வராதவரையே மறவாதிருக்க வேண்டும்.

இப் பணியில் எம் பங்கையும் செய்யச் சித்தமாயுள்ளோம். அடுத்த இதழிலிருந்து இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தியை இதற்கென ஒதுக்குகின்றோம். உங்கள் வட்டாரத்திலே வென்றவர், தோற்றவர் எவராயினும், எக் கட்சியினராயினும், அச்சிட்டு வழங்கிய துண்டுப்பிரசுரத்தை எமக்கு அனுப்புங்கள்; வாக்குறுதியை உள்ளவாறே வெளியிடுவோம். வென்றவரின் மறுமொழிக்கு அதே அளவு இடம், அதே பக்கத்தில் உண்டு. எம்மோடு அரசியலில் உடன்பட்டோர்க்குச் சலுகை எதுவும் இல்லை. அனுப்புவோர் சபையின் பெயரையும் வட்டாரத்தின் பெயரையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். துண்டுப்பிரசுரம் இல்லாது வெறும் குற்றச்சாட்டை மாத்திரம் எழுதுவோரின் கடிதங்களும், பெயர் விலாசமற்ற கடிதங்களும் ஏற்கப்படமாட்டா.